சலாது காத்திருக்காது

இரண்டு இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எனக்கு 30 சென்ட் நிலம் இருக்கிறது. பசுமைக்குடில் போட வசதியில்லை. லெட்டூஸைத் திறந்தவெளியில் பயிரிட முடியுமா?" முடியும் என்று சொல்லி, இடைவெளி, அடியுரம், அறுவடை நாள் எல்லாம் கொடுத்திருந்தீர்கள். அத்தனையும் சரி. ஆனால், அதை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்துதான் நான் என் மனைவியின் சங்கிலியை இரண்டு வருஷம் அடகில் வைத்திருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

என் நிலம் கோத்தகிரிக்குக் கீழே, ஓடையை நோக்கிச் சரியும் 70 சென்ட். லெட்டூஸ் என்று ஊரில் எல்லோரும் சொல்வதை என் அம்மா மட்டும் 'சலாது' என்பார். அது இலங்கைப் பேச்சு. அம்மா பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி 1974-ல் அப்பாவும் அம்மாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தார்கள். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் லயம்தான். ஆனால், அங்கே காம்பராவுக்குப் பின்னால் இருந்த பத்தடிச் சலாதுப் பாத்தி இங்கே இல்லை என்பது அம்மாவுக்கு ஒரு குறை. "அங்க துரை பங்களாவுக்கும் சலாது, நம்ம வீட்டுக்கும் சலாது. ரெண்டும் ஒரே விதை" என்பார்.

இந்தக் கீரை நம் மலைகளுக்கு வந்ததே அப்படித்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பூந்தோட்டமாகத்தான் நமக்குத் தெரியும். 1840-களில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, சகாய விலையில் காய்கறி கிடைக்கட்டும் என்று ஆரம்பித்த தோட்டம்தான் அதற்கு முன்னோடி. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பங்குதாரர்கள் காசு போட்டும் காய்கறித் தோட்டம் ஓடவில்லை என்று படித்தபோது, சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்பா காலத்தில் இந்த 70 சென்ட்டில் உருளையும் கேரட்டும் மாறி மாறி வந்தன. உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் மண்ணிலும் அது இருந்தது. விளைச்சல் வருஷா வருஷம் இறங்கியது. 2017-ல் ஓட்டல்களுக்குக் காய்கறி அனுப்பும் வியாபாரி ஒருவர் வந்து, "ஐஸ்பெர்க் போடுங்க, நானே எடுத்துக்கிறேன்" என்றார். சலாது சூரியகாந்தி, செவ்வந்திக் குடும்பம். உருளை நூற்புழுவுக்கு அது உணவில்லை. சரியென்று இறங்கினேன்.

முதல் அடி விதையிலேயே விழுந்தது. மார்ச் மாதம். தகரக் கூரை போட்ட சாய்ப்பில் குழித்தட்டுகளை அடுக்கி, விதையை அரை அங்குலம் ஆழத்தில் போட்டு, தேங்காய் நார்த்தூளால் நன்றாக மூடினேன். பத்து நாள் ஆகியும் நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. விதை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். அம்மா மிச்ச விதையில் ஒரு சிட்டிகை எடுத்து, ஈரத்துணியில் கட்டி, மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில் வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. விதையில் கோளாறு இல்லை. சலாது விதை 15 முதல் 20 டிகிரிக் குளிர்ச்சியில் சந்தோஷமாக முளைக்கும். சூடு 30 டிகிரியை நெருங்கினால் செத்துப்போகாது, தூங்கிவிடும். பகலில் தகரக் கூரையின் கீழே நிற்கவே முடியாது, விதை எப்படி முளைக்கும்? இன்னொன்று, பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். விதையின் மேல் நார்த்தூளைத் தூவினால் போதும், புதைக்கக் கூடாது. ஒரு கிராமில் 800-க்கு மேல் இருக்கும் பொடி விதை அது. அரை அங்குலத்தை முட்டிக்கொண்டு வரத் தெம்பு ஏது?

இப்போது தட்டுகளைக் கொய்யா மர நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைக்கிறோம். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நூலாக நீண்டுவிடும். மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் நாலைந்து இலை வரும். அதுதான் நடவுப் பக்குவம்.

இரண்டாவது போகத்தில் வேறு பாடம். தலை கட்டிப் பார்க்க அழகாக இருந்த ஐஸ்பெர்க்கை வியாபாரி நடுவில் பிளந்து காட்டினார். உள்ளே இளம் இலைகளின் ஓரமெல்லாம் தீயில் வாட்டியதுபோலப் பழுப்பு. பாதிச் சரக்கு திரும்பி வந்தது. நோய் என்று நினைத்து மருந்து கேட்டுப் போனேன். தோட்டக்கலைத் துறையில் மண்ணைப் பரிசோதித்தபோது கார அமில நிலை 4.9. எங்கள் மலையில் மழை பெய்து பெய்து மண்ணின் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடுகிறது. தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும், சலாதுக்குப் பிடிக்காது. அதற்கு 6-க்கு மேல் வேண்டும். இலையின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுபோவது தண்ணீர்தான் என்பதையும் அங்கேதான் சொன்னார்கள். நான் நாலு நாள் காயவிட்டு, ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சுகிறவன். மண்ணில் சுண்ணாம்பு போட்டாலும் அப்படிப் பாய்ச்சினால் நுனி கருகும். நடவுக்கு மூன்று வாரம் முன்பு டோலமைட், பிறகு தினமும் கொஞ்சமாகச் சொட்டுநீர் என்று மாற்றிய பிறகுதான் அந்தக் கருகல் நின்றது. எவ்வளவு டோலமைட் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் மண்ணைப் பரிசோதித்துவிட்டுப் போடுங்கள்.

பனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி. காற்று அசையவில்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான் உறைபனி இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். என் நிலத்தில் மேட்டுப் பாத்தி பச்சையாக நிற்கும்போதே ஓடையோரப் பாத்தி வெள்ளை வெளேரென்று கிடக்கும். அன்று காலை வண்டி ஆறரைக்கு வந்துவிட்டது. தலைகளின் மேல் பனி கண்ணாடித்தூளாக ஒட்டியிருந்தது. வெளி இலைகள் விறைத்து நின்றன. வண்டி காத்திருக்கிறதே என்று ஆட்களை இறக்கி அறுத்தேன். அம்மா மேட்டிலிருந்து கத்தினார்: "தம்பி, தொடாதே! வெயில் வந்து அதுவா இளகட்டும்!" நான் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தொட்ட இடமெல்லாம் கறுத்து, கொழகொழவென்று ஆகிவிட்டது. விறைத்த இலைக்குள் இருப்பது பனிக்கட்டி. அப்போது அழுத்தினால் உள்ளே எல்லாம் கிழிந்துபோகும். மெதுவாக இளகவிட்டால் பெரும்பாலும் இலை பிழைத்துக்கொள்ளும். அன்று அறுக்காமல் விட்ட இரண்டு பாத்தியும் பத்து மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல நின்றன. அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

பனிக்காலத்தில் இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். முதல்நாள் சாயங்காலமே மண்ணை ஈரமாக்கி வைக்கிறோம். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரியில் விடும். தேயிலைக்காரர்கள் மூடுகிற அதே தாகைச் செடியை வெட்டிவந்து பள்ளத்துப் பாத்திகளை லேசாக மூடுகிறோம், காலையில் எடுத்துவிடுகிறோம். அப்படியும் பனி பிடித்தால், வெயில் படுவதற்கு முன்னால் ஊற்றுத் தண்ணீரைத் தூவுகிறோம். நுவரெலியாவிலும் இதேபோல்தான் செய்வார்களாம். ஒன்று கவனித்தேன், நாற்றுப் பருவத்தில் சலாது பனியை ஓரளவு தாங்குகிறது. தலை முற்றிய பிறகுதான் கொப்புளித்துக் கெடுகிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் அறுவடைக்கு வரும் பாத்தி எதையும் பள்ளத்தில் வைப்பதில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்டு கெட்டிக்காரனாகிவிட்ட பிறகுதான் பெரிய அடி.

2020 ஜனவரி நடுவில், 40 சென்ட்டில் ஒரே மூச்சாக ஐஸ்பெர்க் நட்டேன். நாற்று, சொட்டுநீர்க் குழாய், கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் நகைக்கடன். சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஒரே நாள்ல நடணுமா?" கோடை சீசனுக்கு ஓட்டல்களில் பெரிய தேவை இருக்கிறது, மார்ச் கடைசியில் மொத்தமாக எடுக்கிறேன் என்று வியாபாரி சொல்லியிருந்தார். பயிர் பிரமாதமாக வந்தது. நுனி கருகல் இல்லை, பனிச்சேதம் இல்லை. மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. காய்கறி வண்டிகளுக்குத் தடை இல்லைதான். ஆனால், ஐஸ்பெர்க் தின்கிற ஓட்டல்கள் பூட்டிக்கிடந்தன. மேட்டுப்பாளையத்துக்கு உருளை போனது, கேரட் போனது. சலாதை யார் கேட்பார்கள்? வியாபாரி இரண்டு நாள் போனை எடுத்துப் பேசினார். பிறகு எடுக்கவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் வரவேண்டிய பணம் எங்கெங்கோ முடங்கியிருந்தது.

கேரட் மண்ணுக்குள் இரண்டு வாரம் கூடக் கிடக்கும். உருளையை மூட்டை கட்டி வைக்கலாம். முட்டைகோஸ்கூடக் கொஞ்சம் பொறுக்கும். முற்றிய ஐஸ்பெர்க் ஒரு வாரம், பத்து நாள்தான் நிற்கும். ஏப்ரல் வெயில் ஏற ஏற, உருண்டைத் தலைகள் ஒவ்வொன்றாக உச்சியில் வெடித்தன. நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. சலாது பூக்க முடிவெடுத்துவிட்டால் இலையில் பால் கூடிக் கசந்துவிடும், பிறகு யாருக்கும் கொடுக்க முடியாது. ஊருக்குள் இலவசமாகக் கொடுத்தேன். வாங்கிப்போனவர்களில் பலர் அதைக் கோஸ் என்று நினைத்துப் பொரியல் செய்து, "தண்ணியா விட்டுருச்சுங்க" என்றார்கள். பக்கத்து மாடுகள் சாப்பிட்டன. மாடுகளும் எவ்வளவு சாப்பிடும்? மே மாதம் 40 சென்ட்டும் இடுப்பளவு உயர்ந்து, சின்னச் சின்ன மஞ்சள் பூவாகப் பூத்தது. பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தார்கள்.

அதே சமயம் வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் பாத்தி இருந்தது. தலை கட்டாத, இலை இலையாக விரியும் ரகம். மொத்தமாகப் பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுப்பார். உள்ளிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும். ஒரு மூலை முடியும்போது அடுத்த மூலையில் நாற்று இருக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சலாதுச் சம்பல்தான். இலையை மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, எலுமிச்சை. மாசிக் கருவாடு கிடைத்தால் இடித்துப் போடுவார். ஊரடங்கில் மாசிக்கு எங்கே போவது? சும்மாவே நன்றாக இருந்தது. அம்மாவின் பாத்தி எங்கள் கடனை அடைத்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கடனை அடைத்தது அடுத்த இரண்டு வருஷத்துப் பூண்டும் பீன்ஸும், மனைவி போன தேயிலைக் கூலி வேலையும். சங்கிலி 2022-ல்தான் வீட்டுக்கு வந்தது. ஆனால், பயிர் செய்யும் முறையை நான் எடுத்தது அம்மாவின் பாத்தியிலிருந்துதான்.

இப்போது எந்த நேரத்திலும் சலாது 20 சென்ட்டைத் தாண்டாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 98 குழி உள்ள தட்டு நான்கு. கிட்டத்தட்ட 390 நாற்று. ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியில் நான்கு வரிசை, செடிக்குச் செடி கால் மீட்டர் என்றால் 25 மீட்டர் நீளப் பாத்தி ஒன்று நிரம்பும். பெரும்பாலும் இலை ரகங்கள், கொஞ்சம் ரொமைன். ஐஸ்பெர்க் கேட்டால் முன்பணம் கொடுத்தால்தான். நட்டதிலிருந்து இளவெயில் காலத்தில் 40, 45 நாள், குளிரில் 60 நாள்வரை. சேதம் போகத் தவணைக்கு 60, 70 கிலோ வருகிறது. அதை ஒரு ஆளிடம் கொடுப்பதில்லை. கோத்தகிரியில் இரண்டு விடுதி, குன்னூரில் ஒரு கடை, கோயம்புத்தூருக்கு எடுத்துப்போகும் ஒருவர் என்று நான்காகப் பிரித்திருக்கிறேன். விலை முன்பு வியாபாரி சொன்னதைவிடக் குறைவுதான். ஒரு தவணை வீணானால் நஷ்டம் ஒரு பாத்தியோடு நிற்கும். இரண்டு தவணை அப்படிப் போயிருக்கிறது, ஒன்று அடைமழையில், ஒன்று காட்டுமாட்டுக்கு. காட்டுமாடு தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம்.

ஏற்காட்டு நண்பருக்குச் சில வார்த்தை. உங்கள் மலை எங்களைவிடத் தாழ்வு, வெயில் கொஞ்சம் கூடுதல். மழை ஓயும் தருவாயில் முதல் தட்டைப் போட்டு, மாசிவரை தவணையாக நட்டு வாருங்கள். பங்குனிக்குப் பிறகு நடுவதாக இருந்தால் நிழல்வலை இல்லாமல் வேண்டாம். மழைக்காலத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். தண்ணீர் தேங்கினால் அடியிலை அழுகி, வெள்ளைப் பூசணம் பிடித்துச் செடி ஒரே நாளில் சாய்ந்துவிடும். அந்தப் பூசணம் கேரட்டையும் பீன்ஸையும்கூடப் பிடிக்கும், ஆகவே அவற்றை அடுத்த பயிராக வைக்காதீர்கள். நான் பூண்டு போடுகிறேன். ஓடில்லா நத்தைக்கு மருந்து வாங்க வேண்டாம். சாயங்காலம் பாத்தியோரம் ஈரச்சாக்கைப் போட்டு, காலையில் புரட்டினால் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டியதுதான்.

ஒன்றில் மட்டும் நம் இதழில் எழுதுகிற பலரோடு எனக்கு உடன்பாடில்லை. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் நானும் செய்கிறேன், மற்ற பயிர்களுக்கு ஊற்றுகிறேன். ஆனால், சலாது இலையின் மேல் தெளிப்பதில்லை. இது வேகவைக்காமல் பச்சையாகத் தின்கிற இலை. பச்சைச் சாணத்தில் இருக்கும் கிருமி இலையில் ஒட்டினால் கழுவினாலும் முழுசாகப் போகாது. நன்றாக மக்கிய எருவை நடவுக்கு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். சாக்கடை கலக்கும் ஓடைத் தண்ணீரை இந்தப் பயிருக்குப் பாய்ச்சவே பாய்ச்சாதீர்கள். அசுவினிக்கு மருந்தடித்தால், அது இயற்கை மருந்தோ வேறோ, சொன்ன நாள் கழியாமல் அறுக்காதீர்கள். தின்பவருக்கும் நமக்கும் நடுவில் அடுப்பு என்று ஒன்று இல்லை.

அறுப்பது எப்போதும் விடிகாலையில், பனி இல்லாத நாளாக இருந்தால். அடியில் வெட்டினால் பால் வடியும். அதைத் துடைத்து, கிரேட்டில் அடியை மேலாக அடுக்கி, ஈரத்துணி மூடி, நிழலில் வையுங்கள். மலையிலிருந்து கீழே இறங்கும் சரக்கு பகலில் போகக் கூடாது. கோத்தகிரியில் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு ஏற்றிய கீரை, மேட்டுப்பாளையத்து மதிய வெயிலில் வெந்துவிடும்.

விதைக்கிற நாளை மறக்காமலிருக்க நான் நாள்காட்டியில் குறித்துப் பார்த்தேன், அலாரம் வைத்தும் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. இந்த இதழ் மாதம் இரண்டு முறை தபாலில் வருகிறது. இதழ் கைக்கு வந்தால் நான்கு தட்டு போட வேண்டும், அவ்வளவுதான். தபால்காரர் தாமதித்தால் சலாதும் தாமதம். அம்மாவுக்கு இப்போது குனிய முடியாது. முக்காலியில் உட்கார்ந்து தட்டுக்கு விதை வைப்பது அவர்தான். நாக்கில் தொட்ட ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விதையாக ஒட்டியெடுத்துக் குழியில் வைப்பார். நாக்கில் தொடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

போன வாரம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். ஏற்காட்டுக்காரர் கேள்வியைப் படித்துக் காட்டினேன். கடைசிக் குழியில் விதையை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க பக்கமும் காட்டுமாடு இருக்குமே. வேலி இருக்கான்னு முதல்ல கேட்டு எழுது."